காற்று நின்ற பிறகும் சுற்றிய தலை

மார்ச் கடைசி வாரத்தில் ஒரு நாள், விடிகிற நேரத்தில், யெரோலிம் படுக்கையில் வலப்பக்கமாகப் புரண்டார். கூரை சுற்ற ஆரம்பித்தது. கட்டில் விளிம்பை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு மனைவியை எழுப்பினார்.

"டோப்ரிலா! எந்திரி! நிலநடுக்கம்!"

டோப்ரிலா ஒரு கண்ணை மட்டும் திறந்து, கூரையிலிருந்து தொங்கும் விளக்கைப் பார்த்தார். அது அசையவில்லை.

"விளக்கு சும்மாதான் தொங்குது. ஆடுறது நீதான்யா. பேசாம படு."

அரை நிமிடத்தில் எல்லாம் நின்றுவிட்டது. அன்று மதியம், எங்கள் இரண்டு வீடுகளுக்கும் பொதுவான முற்றத்தில் துணி காயப்போட்டபடியே டோப்ரிலா இதை எனக்குச் சொன்னார். அப்போது அது அவருக்கு வெறும் சிரிப்புக் கதை. மரச்சட்டியில் மீன் செதில் தேய்த்துக்கொண்டிருந்த யெரோலிம் சிரிக்கவில்லை. தலையைத் திருப்பாமல், உடம்பு முழுவதையும் திருப்பி என்னைப் பார்த்தார். கழுத்தில் ஏதோ பிடித்துக்கொண்டது போலிருக்கிறது என்று நினைத்தேன்.

அவருக்கு எழுபத்துமூன்று வயது. முப்பத்தோரு வருடம் சரக்குக் கப்பல்களின் என்ஜின் அறையில் எண்ணெய் போடும் வேலை. அந்த முப்பத்தோரு வருடத்தைப் பற்றி அவர் அதிகம் பேசுவதில்லை, ஒன்றைத் தவிர. ஒரு முறை பிஸ்கே வளைகுடாவில் கப்பல் இரண்டு நாள் குப்புறவும் மல்லாக்கவும் விழுந்து எழுந்தபோது, கேப்டன் உட்பட எல்லோரும் வாளியைக் கட்டிப்பிடித்துப் படுத்துக் கிடந்தார்களாம். நின்றது இரண்டே பேர்: யெரோலிமும் சமையல்காரனும். சமையல்காரன் சமைத்தான், யெரோலிம் சாப்பிட்டார். எங்கள் தீவில் இந்தக் கதையைக் கேட்காதவர் யாரும் இல்லை. நான் ஆறு வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டுக் குளிர்காலத்தில் திரும்பி வந்து இறங்கிய அன்றும், படகுத்துறையிலேயே, "உனக்குக் கடல்ல வாந்தி வந்துச்சா?" என்றுதான் கேட்டார். வந்தது என்றேன். மிகவும் திருப்தியாகத் தலையாட்டினார்.

ஓய்வு பெற்று வந்த பிறகு அவருக்கு நாற்பது ஆலிவ் மரங்கள், ஒரு சின்னப் படகு, ஒரு மனைவி. ஆனால் ஊரில் யாராவது "யெரோலிம் யாரு?" என்று கேட்டால் இந்த மூன்றையும் சொல்ல மாட்டார்கள். "அடிக்கிறவர்" என்பார்கள்.

துறைமுகத்துக்கு மேலே முசுக்கட்டை மரங்களின் கீழ் மணல் பரப்பிய ஆடுகளம் இருக்கிறது. சுற்றிலும் முழங்கால் உயரப் பலகை. ஒரு குட்டிப் பந்தைத் தூரத்தில் போட்டு, அதன் அருகே இரும்புப் பந்துகளைக் கொண்டுபோய் நிறுத்துவதுதான் ஆட்டம். அணிக்கு நாலு பேர். மூன்று பேர் உருட்டுவார்கள். ஒருவர் அடிப்பார்: எதிராளியின் பந்து நல்ல இடத்தில் உட்கார்ந்துவிட்டால், நாலு எட்டு வைத்துக் காற்றில் வீசி, அதை நேராக அடித்துத் தூக்கி எறிய வேண்டும். உருட்டுகிறவர்கள் மாறலாம். அடிக்கிறவர் லேசில் மாறுவதில்லை. யெரோலிம் அந்த இடத்தில் பதினான்கு வருடமாக இருந்தார். வருடா வருடம் ஏப்ரல் இருபத்தைந்தில், புனித மாற்கு திருநாளன்று, தீவின் மறுமுனையிலிருக்கும் ப்ரிஸ்கா ஊர்க்காரர்களோடு போட்டி. அந்த ஒரு மதியத்துக்காக மீதி வருடம் முழுக்க ஆடுவார்கள், சண்டை போடுவார்கள், பேச்சுவார்த்தையை நிறுத்துவார்கள்.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. அவரவர் பந்தை அவரவர்தான் குனிந்து எடுக்க வேண்டும். மற்றவர் எடுத்துக் கொடுத்தால் அவமானம். ப்ரிஸ்காவில் வயதானவர்கள் கயிற்றின் நுனியில் காந்தம் கட்டி, நின்றபடியே பந்தைத் தூக்குகிறார்கள். எங்கள் ஆட்கள் அதைப் பார்த்து வருடா வருடம் ஒரே கிண்டலைச் சொல்வார்கள்: "தூண்டில் போட்டுப் பந்து பிடிக்கிறானுங்க பாரு!" வருடா வருடம் அதற்குச் சிரிப்பும் வரும்.

முதல் முறை தலை சுற்றியது படுக்கையில். இரண்டாவது முறை ஆலிவ் மரத்தடியில். கிளை கழிக்க அண்ணாந்து பார்த்தபோது வானம் ஒரு பக்கமாகச் சரிந்தது. மூன்றாவது முறை ஆடுகளத்தில். பந்தை எடுக்கக் குனிந்தவர் நிமிர்ந்தபோது நேராக நிற்காமல், முசுக்கட்டை மரத்தின்மீது உள்ளங்கையை ஊன்றி, மரத்தைத் தள்ளி விளையாடுவது போல நின்றார். பலகைமேல் உட்கார்ந்து சாக்பீஸால் புள்ளி எழுதிக்கொண்டிருந்த எனக்கு அவர் முகம் தெரிந்தது. சாம்பல் நிறமாக இருந்தது. பழைய எழுத்தர் போன வருடம் இறந்துபோனதாலும், எனக்கு அந்த நேரத்தில் வேறு வேலை இல்லாததாலும் புள்ளி எழுதும் பொறுப்பு என்னிடம் வந்திருந்தது.

அணித்தலைவர் கஷ்பாரும் அதைக் கவனித்தார். முன்னாள் தபால்காரர், எல்லோர் வீட்டுச் சமாச்சாரமும் தெரிந்தவர் என்ற நினைப்பு இன்னும் போகவில்லை.

"என்ன யெரே, மரத்துக்கு முட்டுக் குடுக்கிறியா?"

"யூகோய்யா."

"அதானே பார்த்தேன். எனக்கும் காலைலேர்ந்து தலை பூசணிக்காய் மாதிரி கனக்குது."

பேச்சு அங்கேயே முடிந்தது. யூகோ எங்கள் தெற்குக் காற்று. பாடல்களில் வரும் தென்றல் அல்ல. சுவரெல்லாம் வியர்க்கும், உப்பு கசியும், ரொட்டி பூஞ்சை பிடிக்கும். மூன்று நாள் அடித்து, ஒரு நாள் ஓய்ந்து, மறுபடி அடிக்கும். அந்த நாட்களில் நாங்கள் நிலம் வாங்குவதில்லை, கல்யாணம் பேசுவதில்லை, டாக்டரிடம் போவதில்லை. யாராவது அழுதால் யூகோ. யாராவது கத்தினால் யூகோ. பல் வலித்தாலும் முதலில் சன்னலைத் திறந்து காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்றுதான் பார்ப்போம். அந்த வருடம் ஏப்ரல் பாதி வரைக்கும் அது விடவே இல்லை. ஆகவே யெரோலிமுக்குத் தலை சுற்றியதில் யாருக்கும் கேள்வி எழவில்லை.

காற்று போதாதென்று மற்ற காரணங்கள் பிலோமேனாவின் கடையில் கிடைத்தன. காலை எட்டு மணிக்குக் கடையில் காப்பி உண்டு. பாலாடைக்கட்டி வெட்டும் மேசைமேல், தராசுக்குப் பக்கத்தில், ரத்த அழுத்தம் பார்க்கும் மெஷின் ஒன்றும் உண்டு. அறுபத்துநாலு படி ஏறி வந்து, மூச்சு வாங்க, ஒரு கையில் காப்பிக் கோப்பையோடு மறு கையை அதற்குள் நுழைப்பார்கள். வரும் எண்ணைப் பிலோமேனா கடை முழுக்கக் கேட்கும்படி அறிவிப்பார்.

"யெரோலிம், நூத்தி அறுபத்தி நாலு! கஷ்பார், உன்னைத் தோற்கடிச்சிட்டான்!"

"எனக்கு நேத்து நூத்தி எழுபது," என்றார் கஷ்பார், விட்டுக்கொடுக்காமல்.

"தலை சுத்துதுன்னு சொன்னா கழுத்து எலும்பப் பாரு," என்றார் பிலோமேனா. "என் தங்கச்சிக்கு அப்படித்தான் வந்துச்சு."

"கழுத்தும் இல்ல, காதும் இல்ல, சர்க்கரை," என்று மீன் வாங்க வந்த ஒருவர் சொன்னார்.

"ரெண்டு சன்னலையும் ஒண்ணாத் திறந்து வச்சுத் தூங்குனியா?"

"புதுக் கண்ணாடி போட்டியே, அதைக் கழட்டிப் பாரேன்."

யெரோலிம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். எதையும் மறுக்கவில்லை. வீட்டுக்கு வந்து, குளிர்காலத்தில் டாக்டர் எழுதிக்கொடுத்த அழுத்த மாத்திரையைக் காலையில் ஒன்று என்பதற்குப் பதில் இரண்டாக விழுங்க ஆரம்பித்தார். யாரிடமும் சொல்லவில்லை. நூற்று அறுபத்து நாலு என்பதற்கு இரண்டு மாத்திரை என்று அவரே கணக்குப் போட்டார். என்ஜின் சூடேறினால் எண்ணெயைக் கூட்டுவதில்லையா, அப்படி.

அதன் பிறகு சுற்றலோடு வேறொன்றும் சேர்ந்துகொண்டது. நாற்காலியிலிருந்து எழுந்தால் கண் இருண்டது. இதைச் சுற்றல் என்று சொல்ல முடியாது. திரை போட்டது போல. ஆனால் அவருக்கு இரண்டும் ஒன்றுதான். இரண்டுக்கும் ஒரே பெயர்: யூகோ.

கஷ்பார் பயிற்சியை நிறுத்தினார். "காத்து மாறட்டும். இந்த ஈரத்துல ஆடி யாரும் உருப்பட்டதில்ல." யெரோலிமின் முகத்தில் அன்று முதல் முறையாக ஒரு நிம்மதியைப் பார்த்தேன். காற்று மாறும், தலையும் நிற்கும். போட்டிக்குப் பன்னிரண்டு நாள் பாக்கி இருக்கும்போது ஈஸ்டர் முடிந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. சனிக்கிழமை இரவே வடக்கிலிருந்து வாடைக் காற்று பிடித்திருந்தது. காலையில் எழுந்தால் மலை கையால் தொடும் தூரத்தில் இருந்தது. கடல் கறுத்து, சுவர்கள் காய்ந்து, சலவைத் துணி ஒரு மணி நேரத்தில் விறைத்தது. ஊரே தலையைத் தூக்கிக்கொண்டு நடந்தது. கஷ்பார் எட்டு மணிக்கே எல்லோர் வீட்டுக் கதவையும் தட்டிவிட்டார்.

யெரோலிம் சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டு வந்தார். முதல் வீச்சிலேயே தின்கோவின் பந்தை அடித்துப் பலகைக்கு வெளியே அனுப்பினார். தின்கோ கஷ்பாரின் மருமகன், முப்பத்தைந்து வயது, மூன்று வருடமாக அடிக்கும் இடத்துக்குக் காத்திருப்பவன். "பார்த்தியா, காத்து போச்சு, மனுஷன் திரும்பி வந்துட்டான்," என்றார் கஷ்பார்.

யெரோலிம் பந்தை எடுக்கக் குனிந்தார். நிமிர்ந்தார். அந்த நிமிர்வு முழுமையாக முடியவில்லை. ஒரு பக்கமாக, அவசரமே இல்லாமல், சுவரில் சாய்த்து வைத்த துடுப்பு நழுவுவது போல விழுந்தார். நெற்றி பலகை விளிம்பில் இடித்தது.

ரத்தம் அதிகம் இல்லை. தின்கோதான் முதலில் ஓடி வந்து தூக்கினான். மேலே வானம் துடைத்தது போல இருந்தது. யூகோ என்று சொல்ல இடமே இல்லாத வானம். எல்லோரும் அதை ஒருமுறை பார்த்துக்கொண்டார்கள்.

கஷ்பார் தரையைப் பார்த்துச் சொன்னார்: "யெரே, இந்தத் தடவை தின்கோ அடிக்கட்டும்."

"இந்தத் தடவையா?"

"இப்போதைக்கு."

"பதினாலு வருஷம்யா."

"எனக்குத் தெரியாதா? நீ ப்ரிஸ்காக்காரன் முன்னாடி இப்படி விழுந்தா அப்புறம் நம்ம கதி என்ன ஆகும்?"

யெரோலிம் கைக்குட்டையை நெற்றியில் வைத்தபடி வீட்டுக்கு நடந்தார். நான் பின்னால் போனேன். படியில் ஒரு கையால் சுவரைத் தொட்டுக்கொண்டே இறங்கினார். என்னிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "பிஸ்கேல நின்னவன் நான்."

செவ்வாயும் வெள்ளியும் பக்கத்துத் தீவிலிருந்து படகில் டாக்டர் வருவார். ஸ்ரின்கா என்று பெயர். பள்ளிக்கூடத்தின் பழைய அறை ஒன்றில் உட்காருவார். செவ்வாய்க்கிழமை யெரோலிமைக் கூட்டிப்போனது டோப்ரிலா. டோப்ரிலாவுக்கு முழங்கால் வலி என்பதால் இருவருக்கும் நடுவில் நான்.

"சொல்லுங்க பார்பா யெரே, என்ன செய்யுது?" என்றார் டாக்டர். எங்கள் பக்கத்தில் வயதான ஆண்கள் எல்லோருமே சின்னவர்களுக்குப் பார்பாதான், பெண்கள் தேத்தா.

"ஒண்ணுமில்ல. யூகோ."

"ஞாயித்துக்கிழமை வாடைதானே அடிச்சுது?"

பதிலை டோப்ரிலா சொன்னார். "டாக்டர், இவரு ராத்திரி திரும்பிப் படுக்கிறதே இல்ல. பிணம் மாதிரி நேராப் படுத்துக்கிறாரு. மெழுகுவத்தி ஒண்ணுதான் பாக்கி."

டாக்டர் நோட்டை மூடிவிட்டு யெரோலிமுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"தலை சுத்துதுன்னா எப்படி? அறையே சுத்துதா, இல்ல கண்ணு இருட்டி மயக்கம் வர்ற மாதிரியா? இல்ல நடக்கும்போது தள்ளாடுதா?"

யெரோலிம் யோசித்தார். இதை இப்படிப் பிரித்து யாரும் அவரைக் கேட்டதில்லை. "ரெண்டும்," என்றார் கடைசியில். "புரண்டா சுத்தும். எந்திரிச்சா இருட்டும்."

"எவ்வளவு நேரம் சுத்தும்?"

"ஒரு சிகரெட்ல நாலு இழுப்பு இழுக்குற நேரம்."

"காது கேக்குதா? இரைச்சல் ஏதாவது?"

"முப்பத்தோரு வருஷம் என்ஜின் ரூம்ல இருந்தவனுக்கு இரைச்சல் புதுசா?"

பேச்சு குழறியதா, ஒரு பக்கம் கைகால் மரத்ததா, பார்வை இரண்டாகத் தெரிந்ததா என்று டாக்டர் ஒவ்வொன்றாகக் கேட்டார். இல்லை, இல்லை, இல்லை. விரலைப் பின்தொடரச் சொன்னார், கையைத் தூக்கச் சொன்னார், கோடு போட்டது போல நடக்கச் சொன்னார். பிறகு அவரைக் கட்டிலில் உட்காரவைத்து, முகத்தை வலப்பக்கம் பாதி திருப்பி, "கண்ணை மூடாதீங்க, என்ன ஆனாலும்" என்று சொல்லிவிட்டு, சட்டென்று பின்னால் சாய்த்தார். தலை கட்டில் விளிம்புக்கு வெளியே தொங்கியது.

மூன்று நான்கு நொடி ஒன்றும் நடக்கவில்லை. அதன் பிறகு அவருடைய கண்மணிகள் தாமாகவே துள்ள ஆரம்பித்தன, கண்ணுக்குப் பின்னாலிருந்து யாரோ கொக்கி போட்டு இழுப்பது போல. அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். இரண்டு நாள் அந்த இடம் நீலமாக இருந்தது. டோப்ரிலா நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார்.

"இதோ," என்றார் டாக்டர், தொலைந்த சாவியைக் கண்டெடுத்தவர் போல. "இதைத்தான் தேடினேன். அசையாதீங்க."

துள்ளல் நின்றதும் தலையை இடப்பக்கம் திருப்பினார். காத்திருந்தார். பின் உடம்பையே இடப்பக்கம் ஒருக்களித்து, மூக்கு தரையைப் பார்க்கும்படி வைத்தார். மறுபடி காத்திருந்தார். கடைசியில் மெல்ல எழுப்பி உட்காரவைத்தார். எல்லாம் சேர்த்து ஐந்து நிமிடம் இருக்கும். யெரோலிம் வெளுத்துப்போய், வாயைக் கெட்டியாக மூடி உட்கார்ந்திருந்தார். அந்த நிமிடத்தில் அவருக்கு ஒரு வாளி தேவைப்பட்டது, கேட்கவில்லை. டாக்டரே ஒன்றை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார். டோப்ரிலா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"உள்காதுல சின்னச் சின்ன சுண்ணாம்புத் துகள் இருக்கும் பார்பா. எல்லாருக்கும் உண்டு. வயசானா அது இடம் பெயர்ந்து, போகக்கூடாத குழாய்க்குள்ள போயிடும். நீங்க புரண்டா, குனிஞ்சா, அண்ணாந்தா அதுவும் உருளும். மூளை உலகமே உருளுதுன்னு நினைச்சுக்கும். இப்ப அதைத் திரும்பக் கொண்டுபோய் விட்டிருக்கேன். வெள்ளிக்கிழமை மறுபடி பார்ப்போம். சில பேருக்கு ரெண்டு மூணு தடவை செய்யணும். போனது திரும்பியும் வரலாம்."

"அப்ப முடிஞ்சுதா?"

"இல்ல. எந்திரிச்சா இருட்டுதுன்னீங்களே, அது வேற."

படுக்கவைத்து அழுத்தம் பார்த்தார்: நூற்று முப்பத்தெட்டு. எழுப்பி நிறுத்தி, கொஞ்சம் பொறுத்து மறுபடி பார்த்தார்: நூற்று ஆறு. டாக்டர் நோட்டை மறுபடி திறந்து இரண்டு எண்களையும் எழுதினார்.

"மாத்திரை எத்தனை போடுறீங்க?"

"எழுதிக்குடுத்தபடி."

டோப்ரிலா கைப்பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தார். மாதக் கடைசி வரை வரவேண்டிய அட்டையில் இரண்டே மாத்திரை இருந்தது.

"ரெண்டு ரெண்டா முழுங்கியிருக்கான் டாக்டர். இன்னிக்குக் காலைலதான் கண்டுபிடிச்சேன். நாப்பத்தாறு வருஷமா ஒரே வீட்டுல இருக்கோம், திருடத் தெரிஞ்சவன் மறைக்கத் தெரிஞ்சுக்கல."

"பிலோமேனா மெஷின் நூத்தி அறுபத்தி நாலு காட்டுச்சு," என்றார் யெரோலிம்.

"படி ஏறி வந்து, காப்பி குடிச்சு, நின்னுக்கிட்டே, கஷ்பார்கூடச் சண்டை போட்டுக்கிட்டே பார்த்தா எனக்கும் காட்டும்," என்றார் டாக்டர். "சரி, தண்ணி எவ்வளவு குடிக்கிறீங்க?"

"ஒயின்ல கலக்குறேனே."

"அது இல்லாம?"

"அது இல்லாம எதுக்குத் தண்ணி?"

டாக்டர் சிரிக்கவில்லை. மாத்திரையை ஒன்றாக்கினார், வெள்ளிக்கிழமை பார்த்துவிட்டு வேண்டுமானால் இன்னும் குறைக்கலாம், அதுவரை தானாகக் கூட்டவும் குறைக்கவும் கூடாது என்றார். சர்க்கரைக்கும் ரத்தசோகைக்கும் ஊசியில் ரத்தம் எடுத்துக்கொண்டார். காலையில் எழுந்தால் உடனே நிற்கக்கூடாது, கட்டில் விளிம்பில் உட்கார்ந்து அறுபது எண்ண வேண்டும் என்றார். பேச்சு குழறினாலோ ஒரு பக்கம் இழுத்தாலோ செவ்வாய்க்கிழமைக்குக் காத்திருக்காமல் உடனே போன் செய்யவேண்டும் என்பதை யெரோலிமிடம் இல்லாமல் டோப்ரிலாவிடம் சொன்னார். "வயசானவங்க தலைசுத்தலுக்கு ஒரே காரணம்னு பெரும்பாலும் இருக்காது தேத்தா. ரெண்டு மூணு சேர்ந்து வரும். ஒண்ணைப் பிடிச்சதும் விட்டுடக் கூடாது."

யெரோலிம் எழுந்தார். மெதுவாகத்தான். வாசலில் நின்று, இத்தனை நேரம் கேட்க நினைத்திருந்ததைக் கேட்டார்.

"இருபத்தஞ்சாம் தேதி நான் அடிக்கலாமா?"

"எறியலாம். ஆனா குனியக் கூடாது. இந்த மாசம் முடியுற வரைக்கும் குனிஞ்சு நிமிர்றதே வேண்டாம்."

யெரோலிமுக்கு அது ஆட வேண்டாம் என்று சொன்னதற்குச் சமம். குனியாமல் பந்தை எடுக்க எங்கள் ஊரில் வழி இல்லை. ப்ரிஸ்காவில்தான் இருக்கிறது.

அன்று மாலை டோப்ரிலா நிலவறையிலிருந்து ஓடாத பழைய ரேடியோ ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து முற்றத்தில் வைத்து, திருப்புளியால் அதன் முதுகைக் கழற்றினார். ஸ்பீக்கரிலிருந்து வட்டக் காந்தத்தைப் பிரித்தார். வார்ப்பிரும்பு வாணலியின்மேல் வைத்துத் தூக்கிப் பார்த்தார். வாணலி வந்தது. மீன்பிடிக்கும் கயிற்றில் இரட்டை முடிச்சுப் போட்டுக் கட்டி, கதவுக்குப் பக்கத்து ஆணியில் மாட்டினார்.

"இது என்ன?" என்றார் யெரோலிம்.

"கண்ணு தெரியலையா?"

"செத்தாலும் தொட மாட்டேன்."

"செத்தா எதுக்குத் தொடணும்? பெட்டியில வச்சு நாங்களே தூக்குவோம்."

"கஷ்பார் என்ன சொல்லுவான்?"

"கஷ்பாரு தபால் பையையே கழுதை மேல வச்சுத்தான் கொண்டு போனான். அவன் சொல்றதெல்லாம் ஒரு பேச்சா?"

வெள்ளிக்கிழமை டாக்டர் மறுபடி சாய்த்துப் பார்த்தார். கண் இந்த முறை லேசாகத்தான் துள்ளியது. இன்னொரு சுற்றுத் திருப்பினார். அடுத்த செவ்வாய்க்கிழமை ஒன்றும் துள்ளவில்லை. நிற்கும்போது அழுத்தம் நூற்று இருபத்திரண்டு. ரத்தத்தில் குறை ஏதும் இல்லை. யெரோலிம் இப்போது வலப்பக்கம் புரண்டு தூங்குகிறார் என்று டோப்ரிலா எனக்குச் சொன்னார். ஆணியிலிருந்த காந்தத்தை அவர் தொடவே இல்லை என்பதையும் சொன்னார்.

மாற்கு திருநாளன்று பூசை முடிந்து, ஆட்டுக்கறி முடிந்து, மூன்று மணிக்கு ஆட்டம் தொடங்கியது. பதின்மூன்று புள்ளி எடுப்பவர்களுக்கு வெற்றி. தின்கோ அடிக்கிறவனாக இறங்கினான். யெரோலிம் முசுக்கட்டை மரத்தடி பெஞ்சில், வெள்ளைச் சட்டையில், மாற்று ஆளாக. கஷ்பார் மரியாதைக்காக அவர் பெயரை எழுதியிருந்தார்.

தின்கோ நன்றாகவே தொடங்கினான். ஆறுக்கு ஐந்து. எட்டுக்கு எட்டு. அதன் பிறகு அவன் கை இறுகிவிட்டது. நாலு முறை வீசினான், நாலும் தவறியது. ஒருமுறை எங்கள் பந்தையே அடித்துத் தள்ளினான். எட்டுக்குப் பன்னிரண்டு என்று நான் எழுதினேன். ப்ரிஸ்காக்காரர்களுக்கு ஒரு புள்ளிதான் பாக்கி. அவர்களுடைய பந்து ஒன்று குட்டிப் பந்தோடு ஒட்டிக்கொண்டு நின்றது. கூட்டத்திலிருந்து ஒருவர், "தின்கோ, கண்ணைத் திறந்துக்கிட்டு எறிடா!" என்று கத்தினார். தின்கோ மாமனாரைப் பார்த்தான். கஷ்பார் பெஞ்சைப் பார்த்தார்.

யெரோலிம் உடனே எழவில்லை. பெஞ்சு விளிம்புக்கு நகர்ந்து உட்கார்ந்து, கண்ணைத் திறந்துகொண்டே உதடுகளை அசைத்தார். மாற்குவிடம் வேண்டிக்கொள்கிறார் என்று நினைத்துச் சிலர் தொப்பியைக் கழற்றினார்கள். அவர் அறுபது எண்ணிக்கொண்டிருந்தார். எண்ணி முடித்து எழுந்து, களத்துக்குள் வந்து, தின்கோவின் காலடியில் கிடந்த பந்துக்கு முன்னால் நின்றார். கால்சட்டைப் பையிலிருந்து கயிற்றை எடுத்தார்.

எந்த நேரத்தில் ஆணியிலிருந்து கழற்றினார் என்று டோப்ரிலாவுக்கும் தெரியாது.

காந்தம் இறங்கி, 'டக்' என்று பந்தில் ஒட்டியது. அந்தச் சத்தம் களம் முழுக்கக் கேட்டது. ப்ரிஸ்கா அணியில் கடைசியில் நின்ற ஒரு கிழவர் தன் கயிற்றை உயரத் தூக்கி ஆட்டினார்.

"வாங்க, வாங்க! மீன் கடிச்சுதா?"

பயங்கரமான சிரிப்பு. கஷ்பார் காது வரைக்கும் சிவந்துபோனார். யெரோலிம் பந்தைக் கைக்குக் கொண்டுவந்து, காந்தத்தைப் பிரித்து, பையில் போட்டார். "பெரிய மீன்," என்றார். நாலு எட்டு வைத்தார். வீசினார்.

ப்ரிஸ்காவின் பந்து பலகையைத் தாண்டிப் போனது. அந்தச் சுற்றில் எங்களுக்கு இரண்டு புள்ளி. அடுத்த சுற்றிலும் அடித்தார், இன்னும் இரண்டு. பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு. ஒவ்வொரு முறையும் கயிறு இறங்கியது, ஒவ்வொரு முறையும் 'டக்' என்றது. சிரிப்பு முதல் முறைக்கு இருந்தது, இரண்டாவது முறைக்கு இல்லை. கடைசிச் சுற்றில் அவர் எறிந்தது ஒரு விரல் அகலத்தில் தவறியது. பன்னிரண்டுக்குப் பதின்மூன்று. நான் சாக்பீஸைக் கீழே வைத்தேன்.

தோற்றதைப் பற்றி அன்று மாலை அதிகப் பேச்சு இல்லை. கஷ்பார் இருட்டுவதற்குள் எங்கள் முற்றத்துக்கு வந்தார். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, எலுமிச்சை மரத்தை வெகுநேரம் ஆராய்ந்தார்.

"யெரே, இலையுதிர்காலத்துல ப்ரிஸ்காவுக்கே போய்ப் பதிலுக்கு ஒரு ஆட்டம் ஆடணும். நீதான் அடிக்கிற."

"தின்கோ?"

"அவன் உருட்டக் கத்துக்கட்டும்."

யெரோலிம் தலையாட்டினார். கஷ்பார் போகவில்லை. டோப்ரிலாவின் பக்கம் நகர்ந்து, குரலைத் தாழ்த்தினார்.

"அந்த ரேடியோவுக்கு ரெண்டு ஸ்பீக்கர்தானே?"

"ஆமா."

"தலைக்கு இல்ல. எனக்குத் தலையெல்லாம் நல்லாத்தான் இருக்கு. இடுப்புதான்."

டோப்ரிலா திருப்புளியை எடுக்க உள்ளே போனார்.

யூகோ அதற்குப் பிறகு மூன்று முறை வந்து போய்விட்டது. யெரோலிம் இன்னும் கடை மெஷினுக்குக் கை நீட்டுகிறார்; எண்ணைக் கேட்டுவிட்டு மாத்திரையைத் தொடுவதில்லை, அவ்வளவுதான். மருந்து போலத் தண்ணீர் குடிக்கிறார், முகத்தைச் சுளித்துக்கொண்டு. எங்கள் வீடுகளுக்கு நடுவே இருப்பது ஒற்றை வரிசைக் கல் சுவர். விடிகிற நேரத்தில் அவர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து எண்ணுவது எனக்குத் தெளிவாகக் கேட்கும்.

"நாப்பத்தி நாலு, நாப்பத்தி ஆறு..."

"நாப்பத்தஞ்ச முழுங்கிட்ட," என்கிறார் டோப்ரிலா, தூக்கத்திலிருந்தே. "மறுபடி முதல்லேர்ந்து."